ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது

மூளை அழற்சி வைரஸால் வந்ததா, நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயால் வந்ததா? ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) போன்ற குறியீடுகளே இதைச் சொல்லிவிடும், முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்கத் தேவையில்லை என்ற கருத்து பரவிவருகிறது. அதன் வாதங்கள் ஆதாரங்களுக்கு முன் நிற்பதில்லை.

"ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லையென்றால் தன்னெதிர்ப்பு நோய் இல்லை." தவறு. 2007இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் விவரித்த என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பு மூளை அழற்சியைப் பாருங்கள். 250 நோயாளிகளைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வில், தண்டுவட நீரில் அனைவருக்கும் ஆன்டிபாடி இருந்தது. ரத்தத்தில் சுமார் 86 சதவீதத்தினருக்கே தெரிந்தது. ஏறத்தாழ ஏழில் ஒருவர் விடுபட்டுப் போனார்.

"இருந்தால் நோய் உறுதி." அதுவும் இல்லை. நலமாக இருப்பவர்களின் ரத்தத்திலும் இந்த ஆன்டிபாடிகள் குறைந்த அளவில் தென்படுவதுண்டு. வைரஸ் பக்கமும் இதே சிக்கல்தான். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் ஆன்டிபாடி, தடுப்பூசியாலோ அறிகுறியற்ற தொற்றாலோ ரத்தத்தில் இருக்கலாம். அதனால்தான் அதைத் தண்டுவட நீரில் தேடுகிறார்கள்.

"ரத்த வெள்ளணுக்களின் நியூட்ரோஃபில்–லிம்போசைட் விகிதம் பிரித்துக் காட்டும்." வலிப்பு வந்தாலும், ஸ்டீராய்டு கொடுத்தாலும், வேறு தொற்று சேர்ந்தாலும் அந்த விகிதம் ஏறும். நோயின் தீவிரத்தை அது உணர்த்தலாம், காரணத்தைச் சொல்லாது.

"இரண்டில் ஒன்றுதான் இருக்கும்." இதுவே மிக ஆபத்தான எண்ணம். ஹெர்பிஸ் மூளை அழற்சி கண்ட 51 பேரை ஸ்பெயினில் தொடர்ந்து கவனித்தபோது, 14 பேருக்குப் பின்னர் தன்னெதிர்ப்பு மூளை அழற்சி வந்தது. இந்த ஆய்வு 2018இல் வெளியானது. வைரஸே மற்ற நோயைத் தூண்டிவிடுகிறது.

ரத்தப் பரிசோதனை வீண் என்று சொல்லவில்லை. எல்ஜிஐ1, எம்ஓஜி ஆன்டிபாடிகளுக்கு ரத்தமே சிறந்த மாதிரி. ஆனால் தண்டுவட நீர், எம்ஆர்ஐ, இஇஜி ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் ரத்தப் பரிசோதனை முடிவுக்குப் பொருள் உண்டு.

முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் பலர். ஆனால் பெரியவர்களுக்குத் தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி நுழைகிறது.

சிகிச்சை பெறாத ஹெர்பிஸ் மூளை அழற்சியில் பத்தில் ஏழு பேர் இறந்துவிடுவார்கள். ஆகவே சந்தேகம் எழுந்ததுமே அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். காய்ச்சலோடு குழப்பமோ, வலிப்போ, நடத்தை மாற்றமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் தண்டுவட நீர் எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.