சொல்லாமல் ஏற்றப்படும் ஊசி

அண்மையில் எனது உறவினரான மூதாட்டி ஒருவருக்கு எலும்பு ஸ்கான் எடுக்க நேர்ந்தது. மார்பகப் புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவியுள்ளதா என்று அறிவதற்கான சோதனை அது. ஊசி ஏற்றினார்கள், மூன்று மணித்தியாலம் காத்திருக்கச் சொன்னார்கள், படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் கையொப்பமிட்ட படிவத்தில் தமிழ் ஒரு வரிகூட இல்லை. கதவிலிருந்த கதிரியக்கச் சின்னம் மட்டுமே அவருக்கு விளங்கிற்று. வீடு திரும்பியவர் ஒரு வாரமாகப் பேரப்பிள்ளையைத் தொடவில்லை. தனக்கெனத் தனிக் கோப்பை வைத்துக்கொண்டார். அணுகுண்டின் நஞ்சு தன் உடம்பில் ஏறிவிட்டதாகவே நம்பினார்.

இந்த வேதனையைக் கொடுத்தது நோயல்ல. ஐந்து நிமிடம் பேச மனமில்லாதவர்கள் கொடுத்தது.

"எங்கட சனத்துக்கு இதெல்லாம் விளங்காது; சொன்னால் பயந்து ஓடிவிடும்" என்பது வைத்தியத்துறையினர் சிலரின் வழக்கமான விடை. விளங்காத அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடலை ஊடுருவும். அணு மருத்துவச் சோதனையில், ஊசி மூலம் சென்ற மருந்து உடலுக்குள்ளிருந்து கதிரை வெளியிடும். காமா கமரா அதனைப் பதிவு செய்யுமேயன்றித் தானாகக் கதிர் எதனையும் பாய்ச்சாது. எலும்பு ஸ்கானில் பயன்படும் தெக்னீசியம்-99எம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் எஞ்சும். சிறுநீருடனும் வெளியேறும் என்பதாலேயே நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கியிருப்பதைச் சில மணித்தியாலங்களுக்குக் குறைத்துக்கொண்டால் போதும். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டுமா?

ஆபத்தே இல்லையென்று நான் கூறவில்லை. எலும்பு ஸ்கான் ஒன்றின் கதிர்வீச்சு ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிசீவேட். இயற்கையிலிருந்து நாம் ஆண்டொன்றுக்குப் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவேட். அதாவது, இரண்டாண்டு இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமமானது. நோயை அறியாமல் விடுவதோடு ஒப்பிட்டால் இது சிறிய விலையே. ஆயினும், அந்த விலையைக் கொடுப்பவர் நோயாளி. "இச்சோதனை எனக்கு ஏன் தேவை?" என்று கேட்கும் உரிமை அவருடையது.

மௌனம் சோதனையையே கெடுத்துவிடுவதும் உண்டு. கர்ப்பம் தரித்திருப்பதையும் பாலூட்டுவதையும் ஊசிக்கு முன்னரே கூற வேண்டும். அயடீன் கலந்த சாய ஊசியுடன் சீ.ரீ. ஸ்கான் எடுத்தவருக்குச் சில வாரங்கள் வரை தைரொயிட் ஸ்கான் சரிவராது போகலாம். பெட் ஸ்கானுக்கு முன் உணவு உட்கொண்டாலோ, இரத்தத்தில் சீனி மிகுந்திருந்தாலோ படம் தெளிவிழக்கும். இம்மருந்துகளைச் சேமித்து வைக்கவும் முடியாது. 2009 மே மாதத்தில் கனடாவின் சோக் ரிவர் அணு உலை நிறுத்தப்பட்டபோது பல நாடுகளில் இச்சோதனைகள் தடைப்பட்டதை மறக்கலாகாது. சொல்லாததால் வீணாகும் ஒவ்வொரு ஊசியும் இன்னொரு நோயாளிக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எலும்பு ஸ்கானில் பளிச்சிடும் இடமெல்லாம் புற்றுநோயல்ல. பழைய முறிவும் மூட்டுத் தேய்மானமும்கூட அவ்வாறே தோன்றும். இதனை அறியாமல், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் மனமுடைந்து போவோர் எத்தனை பேர்!

வைத்தியர்களின் பணிச்சுமையை நான் அறியாதவனல்லன். நான் கேட்பது ஒரு தாள். ஏன் இந்தச் சோதனை, என்ன மருந்து, முன்னர் எதனைச் சொல்ல வேண்டும், பின்னர் என்ன செய்ய வேண்டும், முடிவை யார் விளக்குவார் என்ற ஐந்து கேள்விகளுக்கும் தமிழில் விடை. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அந்தச் சட்டம் ஸ்கான் அறையின் வாசலைத் தாண்டுவதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

புலம்பெயர்ந்த நாடுகளில் பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வைத்தியர் பத்து வாக்கியம் கூற, "ஒன்றுமில்லை அம்மா, ஒரு ஊசிதான்" என்று சுருக்கிவிடாதீர்கள். முழுவதையும் சொல்லுங்கள். அது அவர்களுடைய உடம்பு.