ஆர் இருக்கினம் அங்கை?

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஒரு பிள்ளை வெளியில் போய் வாழப் போகிறது என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான்: "ஆர் இருக்கினம் அங்கை?" சம்பளம், வாடகை, குளிர் எல்லாம் அதற்குப் பிறகு. சித்தப்பா கொழும்பு வெள்ளவத்தையில் என்றால் வெள்ளவத்தை, மாமி கனடாவில் ஸ்காபரோவில் என்றால் ஸ்காபரோ. ஒருவருமில்லாத ஊர் எவ்வளவு நல்ல ஊரானாலும் பேச்சிலேயே வராது.

இந்தக் கேள்வியை நான் குறைத்து மதிக்கவில்லை. அது பட்டறிவில் வந்த கேள்வி. போர் நெருங்கிய 1995 ஒக்டோபர் 30 இரவு எங்கள் வலிகாமமே எழும்பி, மழைக்குள் நாவற்குழியைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது யாரும் ஊரைத் தெரிவு செய்யவில்லை. கைதடியிலோ சாவகச்சேரியிலோ தெரிந்தவர் வீடு உள்ளவர்கள் அங்கே ஒதுங்கினார்கள். இல்லாதவர்கள் பள்ளிக்கூடங்களிலும் மரநிழல்களிலும் கிடந்தார்கள். அதைப் பார்த்த தாய்தகப்பன், பிள்ளை போகும் இடத்தில் சொந்தம் உண்டா என்று கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் அது போய்ச் சேருவதற்கான கேள்வி. இருந்து வாழ்வதற்கு வேறு கேள்விகள் வேண்டும். உயிருக்கு ஓடாமல் யோசித்துப் போகக்கூடிய காலம் இப்போதுதான் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த யோசனையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

நோர்வேயின் வடகோடியில் பின்மார்க் என்றொரு மாகாணம் இருக்கிறது. எண்பதுகளில் எங்கள் இளைஞர்கள் அங்கே மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த கடலோரச் சிற்றூர்களுக்கு இவர்கள் தேவைப்பட்டார்கள். கையில் காசு, குடியிருக்க வீடு, பிறகு கல்யாணம், பிள்ளைகள். குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாத இடம் அது. அதையும் பழகிக்கொண்டார்கள். அப்படியிருந்தும் பிள்ளைகள் வளர வளரக் குடும்பம் குடும்பமாக ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். வடக்கில் வேலை தயாராக இருந்தது, ஒஸ்லோவில் தேட வேண்டியிருந்தது. வீட்டு விலையும் அங்கே கூட. ஆனால் மீனை நம்பிய ஊரில் மீன் குறைந்தால் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் வருமானம் நிற்கும். படித்து வரும் மகளுக்கு அங்கே என்ன வேலை? தமிழ்ப் பள்ளிக்கூடம், பாட்டு வகுப்பு, கோயில், நாலு பேர் கூடும் நிகழ்ச்சி எல்லாம் ஒஸ்லோவில்தான் வளர்ந்துகொண்டிருந்தன.

ரொறன்ரோவிலும் இதே கதைதான். முதலில் போனவர்கள் நகரின் நடுவில் வெலஸ்லிப் பக்கத்து மாடிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து இருந்தார்கள். உணவகங்களில் இரவு வேலை முடிந்து திரும்ப நிலக்கீழ் ரயில் கிட்ட இருந்தது. குடும்பம் பெருகியதும் ஸ்காபரோ, காசு சேர்ந்ததும் மார்க்கம், ஏஜக்ஸ். முதல் இடம் உழைப்பவருக்காக, அடுத்தது பிள்ளைகளுக்காக. அம்மாவுக்காக யாராவது ஓர் இடத்தைத் தெரிவு செய்தார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். அது மிகக் குறைவு.

இதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். விடியற்காலையில் எழும்பி, பூப்பறித்து, கும்பழாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டு, வழியில் மூன்று வீட்டுப் படலையில் நின்று கதைத்துவிட்டு வருகிற ஒரு அம்மாவைக் கொண்டுபோய், கார் இல்லாமல் பால் வாங்க முடியாத ஒரு பெரிய வீட்டில் வைக்கிறோம். மகனும் மருமகளும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. பனிக்காலத்தில் வாசல் தாண்டவே பயம். வீட்டில் நாலு அறை, கதைக்க ஓர் ஆள் இல்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இரண்டு அறைக்குள் இருக்கும் அம்மாமாரை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லிஃப்டில் இறங்கினால் காலி வீதி. சந்தை, கோயில், தமிழ் கதைக்கும் டொக்டர், ராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் ஒரு கச்சேரி, எல்லாம் நடை தூரம். இடம் சின்னது, சத்தம் கூட. ஆனாலும் அவர் தன் நாளைத் தானே நடத்துகிறார். எத்தனை சதுர அடி என்று கேட்கும் முன், வீட்டில் மூத்தவர் தனியே நடந்து எங்கெல்லாம் போய்வரலாம் என்று கேளுங்கள்.

கொழும்பு என்றதும் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1983 ஜூலைக் கலவரத்தில் அங்குள்ள தமிழர் வீடுகளிலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். 2007 ஜூன் 7 அன்று லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஒரு நகரம் உங்களுக்கு வேலை தரலாம், வீடு விற்கலாம்; நெருக்கடி வந்தால் இருக்க விடுமா என்பது தனிக்கேள்வி. அதேபோல, ஊருக்கு வர எத்தனை வழி? 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி மூடப்பட்டபோது, கொழும்பிலிருந்து தகப்பனின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் தவித்த பிள்ளைகளை எங்கள் ஒழுங்கைகளில் எல்லாரும் அறிவார்கள். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை ரயில் திரும்பி வந்ததை இங்குள்ளவர்கள் அவ்வளவு கொண்டாடியதற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் ஒரு அளவெட்டியான் ஊரைப் பற்றி எழுத முடியாது. பழைய ஆட்கள் காணி பார்க்கப் போனால் முதலில் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்ப்பார்கள். வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடும். மாரிமழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும் நன்னீர்தான் எங்கள் செம்மண் தோட்டங்களின் வெங்காயமும் புகையிலையும். தீவுப்பகுதிகளில் பல கிணறுகள் உவர். அதனால் பெண் கொடுக்கும்போதுகூட மாப்பிள்ளையின் ஊர்த் தண்ணீரை விசாரித்தார்கள். இன்றைக்குத் தொடர்மாடி வாங்குகிறவர்கள் தளத்து ஓடுகளைத் தடவிப் பார்க்கிறார்கள், தண்ணீரைக் கேட்பதில்லை. சென்னை வளசரவாக்கத்தில் எங்கள் சனம் நிறைய உண்டு. அந்தச் சென்னை 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 ஜூனில் அதன் ஏரிகள் வறண்டன. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பக்கத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. நல்ல தண்ணீர் உள்ள ஊர் என்ற பெயர் நிரந்தரமல்ல. இன்றைய நிலையைப் பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் அறியலாம்.

முடிவெடுக்கும் முன் அந்த நகரத்தில் ஒரு மாதமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். அதுவும் அதன் மோசமான பருவத்தில்: ரொறன்ரோ என்றால் பெப்ரவரி, சென்னை என்றால் மே. சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் அவர்களுடைய நகரத்தைத்தான் பார்ப்பீர்கள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் நீங்களாகப் போய்வர வேண்டும். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டுக்கு முற்பணம் கட்டுவது அவர் சொல்வதைக் கேட்ட பிறகு இருக்கட்டும்.