தொழுகைக் கணக்கு யாருக்கு?

தொழுகைக்கு அழைக்கும் குரல், பாலராமபுரத்தில் 'வாங்கு'. பாறசாலையைத் தாண்டி களியக்காவிளைக்கு வந்தால் 'பாங்கு'. இப்போது அந்த அழைப்பு சட்டைப் பையிலிருந்தும் வருகிறது. செல்போன் செயலி கிப்லா திசை காட்டுகிறது. சுபுஹ் முதல் இஷா வரை ஐந்து வேளைத் தொழுகையையும் குறித்து வைக்கிறது. தஸ்பீஹை 33, 33, 34 என்று எண்ணித் தருகிறது. மறதிக்காரர்களுக்கு நல்ல வசதிதான்.

ஆனால் இந்தக் கணக்கை வேறு யார் பார்க்கிறார்கள்? 2020 நவம்பரில் அமெரிக்காவின் 'மதர்போர்டு' செய்தித் தளம் ஓர் உண்மையை வெளியிட்டது. உலகெங்கும் 9.8 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்ட 'முஸ்லிம் புரோ' செயலியிலிருந்து, பயன்படுத்துவோர் இருக்கும் இடம் பற்றிய தகவல்கள் 'எக்ஸ்-மோட்' என்ற நிறுவனத்துக்குப் போயின. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்களும் அப்போது இருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் செயலிக்காரர்கள் அந்த உறவை முறித்துக்கொண்டார்கள்.

ஐரோப்பியச் சட்டம் மத விவரங்களுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித் தனிப்பிரிவு இல்லை. எனவே நம் காவல் நம் கையில். தொழுகை நேரத்தைக் கணிக்க ஊர் தெரிந்தால் போதும். ஊர்ப் பெயரை நீங்களே பதியுங்கள். இருப்பிடம் அறியும் அனுமதியை மறுத்துவிடுங்கள். தொழுகை என்பது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான விஷயம். நடுவில் தரகர் எதற்கு?