கறுப்புத் துணியும் மூவாயிரம் வெள்ளியும்



தேர்வுத்தாள் திருத்தும் வாரங்களில் இங்கு எழுதுவதில்லை என்பது நானே எனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. இன்று அதனை மீறுகிறேன். காரணம் கோபம்.

சென்ற வெள்ளிக்கிழமை பள்ளி வாயிலில் ஒரு மாணவனின் தாயார் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "டீச்சர், லீவு முகாமுக்குப் பையன அனுப்ப முடியாது போலிருக்கு. மிஷின் தவணை ஓடுது" என்றார். என்ன இயந்திரம் என்று வினவினேன். வேக்குவம் கிளீனராம். விலை மூவாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. பையனுக்கு இழுப்பு; அவனுக்காகவே வாங்கினாராம். ஏழு மாதம் ஆகியும் இழுப்பு குறையவில்லை. தூக்க முடியாத கனம் என்பதால் இயந்திரம் அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது.

அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. 2015ஆம் ஆண்டு நானும் கையெழுத்திட்டவள்தான்.

பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீவக வீட்டிற்கு ஒரு மாலையில் கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர் ஒருவர் வந்தார். கூடத்தைத் தொடவில்லை; நேரே என் மகனின் படுக்கைக்குச் சென்றார். இயந்திரத்தின் வாயில் வட்டமான கறுப்புத் துணி ஒன்றைப் பொருத்தி, மெத்தையின் மீது அரை நிமிடம் ஓட்டினார். துணியில் வெண்சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருந்தது. "இதன் மேல்தான் உங்கள் பிள்ளை தினமும் உறங்குகிறான்" என்றார். பிறகு ஒரு பூச்சியின் படத்தைக் காட்டினார். நண்டும் சிலந்தியும் கலந்தாற்போன்ற உருவம். என் மாமியார் கண்கலங்கிவிட்டார். பத்துத் துணிகளை வரிசையாகத் தரையில் பரப்பிய பின், தவணைத் தாளை நீட்டினார். எந்தத் தாய் மறுப்பாள்?

அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றே. "தம்பி, அதே இடத்தில் இன்னொரு முறை ஓட்டுங்கள்." ஓட்டியிருந்தால் மீண்டும் பொடி வந்திருக்கும். நம் உடலிலிருந்து நாள்தோறும் தோல் செதில்கள் உதிர்கின்றன. துணியிலிருந்து இழைகள் உதிர்கின்றன. உறங்கும் மெத்தை எதுவாயினும் கறுப்புத் துணியில் வெள்ளையாகத் தெரியும். நூற்றைம்பது வெள்ளி இயந்திரத்தில் அதே துணியைப் பொருத்தினாலும் தெரியும்.

இந்த வித்தை இயந்திரத்தைவிடவும் பழையது. 1901ஆம் ஆண்டு இலண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், உணவகம் ஒன்றின் நாற்காலி மெத்தையின் மீது கைக்குட்டையை விரித்துத் தம் வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையில் அழுக்கு வட்டமாகப் படிந்தது. அவருக்கு இருமலும் வந்தது. இயந்திரத்தின் பிறப்புக் கதையாக இதனைத்தான் சொல்வார்கள். அடுத்து 1908இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர், ஒஹாயோ மாநிலத்தில் கடைக் கட்டடம் ஒன்றின் துப்புரவாளர், ஆஸ்துமா நோயாளி. கம்பளத்தைப் பெருக்கும்போது எழும் தூசு தாங்காமல் மின்விசிறி, தலையணை உறை, துடைப்பக் கோல் ஆகியவற்றை இணைத்தார். பின்னர் அந்தக் காப்புரிமையை வாங்கியவர் ஹூவர். ஆக, ஆஸ்துமாவும் அழுக்குத் துணியும் இந்தக் கருவியோடு கூடவே பிறந்தவை. விற்பனையாளர்கள் அவ்விரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அங்கே தரையில் விரிந்திருந்த கம்பளத்தை மட்டும் நம்மிடம் சொல்ல மறந்துவிட்டார்கள்.

நம் வீடுகளில் கம்பளம் எங்கே இருக்கிறது? பளிங்கு ஓடு, மொசைக், வினைல் தரை. இவற்றிலிருந்து தூசெடுக்கக் குதிரைத்திறன் வேண்டியதில்லை. ஈரத் துடைப்பான் போதும். உலர்ந்த துடைப்பம்போல் அது தூசைக் கிளப்புவதும் இல்லை. இயந்திரத்திற்கு உரிய இடங்கள் சோபா மடிப்பு, மெத்தைத் தையல், கட்டிலின் அடி, சன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை. இவை அனைத்தும் குனிந்தும் கை நீட்டியும் செய்யும் வேலைகள். எனவே எடை குறைவாயிருப்பதே முதல் தகுதி. கடைக்குப் போனால், வீட்டில் அந்த இயந்திரத்தைத் தள்ளப்போகிறவர் யாரோ, அவரையும் அழைத்துச் சென்று ஒரு கையால் தூக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் பாட்டியாகவோ பணிப்பெண்ணாகவோ இருப்பார். முடிவெடுப்பவர் அப்பாவாக இருப்பார். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பூச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். தூசுப் பூச்சி பொய்யன்று. ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் அளவு, கடிக்காது, நம் தோல் செதிலே அதன் உணவு. நம் ஊரின் ஈரப்பதம் அதற்குச் சொர்க்கம். பிளோமியா டிராபிகாலிஸ் என்னும் வகை சிங்கப்பூர் வீடுகளில் மிகுதி. ஒவ்வாமையை உண்டாக்குவதில் அதன் எச்சத்திற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் உயிருள்ள பூச்சி துணி இழையை இறுகப் பற்றிக்கொள்ளும். எத்தனை ஆயிரம் வெள்ளி இயந்திரமும் அவற்றுள் பெரும்பகுதியை இழுத்தெடுக்காது. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவைத்தால் அவை மடியும். மெத்தைக்கு நெருக்கமாக நெய்த உறையிடலாம். எல்லாவற்றிற்கும் முன்பு, பிள்ளைக்கு எதனால் இழுப்பு வருகிறது என்று பலதுறை மருந்தகத்தில் கேட்கவேண்டும். காரணம் பூச்சியே அல்லாமலும் இருக்கலாம். விற்பனையாளர் மருத்துவர் அல்லர்.

இனி அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்கள். நான் கணக்கு ஆசிரியை அல்லள். ஆயினும் வாட் என்பது இயந்திரம் உண்ணும் மின்சாரத்தின் அளவு, அது செய்யும் வேலையின் அளவன்று என்பது தெரியும். நிறைய உண்ணும் பிள்ளைதான் நன்றாகப் படிக்கும் என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? ஐரோப்பிய ஒன்றியம் இதன் உச்சவரம்பை 2014இல் 1,600 வாட் என்றும், 2017இல் 900 வாட் என்றும் குறைத்தது. அங்குள்ள வீடுகள் அதனால் குப்பைமேடாகிவிடவில்லை. அடுத்தது பாஸ்கல். ஒரு பெட்டியில் 20,000 பாஸ்கல். அருகிலுள்ள பெட்டியில் 20 கிலோபாஸ்கல். இரண்டும் ஒன்றே! அதிலும் அந்த உறிஞ்சுவிசை பெரும்பாலும் குழாயின் வாயை முழுவதுமாக அடைத்துவைத்து அளப்பது. அடைத்த வாயில் காற்று ஓடாது. காற்று ஓடாவிட்டால் தூசும் ஓடாது.

ஹெப்பா வடிகட்டிக்கும் இதே கதைதான். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் என்பது அமெரிக்கத் தரம். உண்மையிலேயே நல்ல பொருள். ஆனால் இயந்திரத்தின் உடம்பு இடுக்கில்லாமல் மூடியிருந்தால்தான் அதற்குப் பொருளுண்டு. இடுக்கு வழியே கசியும் தூசு வடிகட்டியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஓடும்போது பின்புறம் கையை வைத்து, காற்று எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பாருங்கள்.

நான் இறுதியில் வாங்கியது காகிதப் பை போடும் சிறிய இயந்திரம், 189 வெள்ளி. பையில்லாத வகையைக் குப்பைத்தொட்டியில் கவிழ்க்கும்போது பாதித் தூசு முகத்திற்கே திரும்பும். இழுப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். பைக்கும் வடிகட்டிக்கும் ஆகும் செலவை முதலிலேயே விசாரியுங்கள். கம்பியில்லா வகையென்றால், நான்காண்டு கழித்து மின்கலம் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நம் வீடுகளுக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பூசை அறையில் சிந்திய திருநீற்றை இதனால் இழுக்காதீர்கள்; நுண்பொடி வடிகட்டியை அடைத்துவிடும். சாம்பிராணிச் சாம்பலை ஒருபோதும் கூடாது. உள்ளே கங்கு இருந்தால் பை தீப்பற்றும். என் வீட்டில் அந்த மூலைக்கு இன்றும் பூந்துடைப்பந்தான்.

சில பெற்றோர் என்னிடம், "விலை உயர்ந்தது நீண்ட காலம் உழைக்குமே" என்று வாதிடுவர். உழைக்கலாம். மூவாயிரம் வெள்ளி கையில் உள்ளவர் மனத்துக்குப் பிடித்து வாங்கினால் எனக்கென்ன? என் சினம், பிள்ளையின் இருமலைப் பிணையாக வைத்து விற்பவர்மீது. உறங்கும் குழந்தையின் தலையணையைக் காட்டித் தாயைக் குற்றவாளி ஆக்குவது விற்பனையன்று, மிரட்டல்.

கையெழுத்திட்டு விட்டீர்களா? அழைக்காமலேயே வீடுதேடி வந்து விற்கும் நேரடி விற்பனை ஒப்பந்தத்தை, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாள்களுக்குள் இரத்துசெய்ய நம் சட்டம் இடமளிக்கிறது. 2009 முதல் இந்நிலை. வாய்ச்சொல் வேண்டாம், எழுத்திலேயே தெரிவியுங்கள். நான் நான்காம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். "திறந்த பெட்டி" என்று தொலைபேசியில் மழுப்பினார்கள், முன்பணம் திரும்பப் பல வாரம் ஆயிற்று, ஆனால் திரும்பியது. மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அன்று எழுதிய கடிதத்தின் படி இன்னும் என் கோப்பில் இருக்கிறது. பெயர், ஒப்பந்த எண், நாள் ஆகிய மூன்றையும் மாற்றினால் போதும். வேண்டுவோர் பள்ளி முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வாருங்கள், நகலெடுத்துத் தருகிறேன்.