மார்ச் 23: ஒரே நாள், இரு படுகொலைகள்

1931 மார்ச் 23 மாலை. லாகூர் மத்திய சிறையில் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகிய மூவரும் தூக்கிலிடப்பட்டனர். மறுநாள் காலைக்குக் குறிக்கப்பட்டிருந்த தண்டனையை முதல்நாளே நிறைவேற்றி, உடல்களை இரவோடிரவாக சட்லெஜ் கரையில் எரித்தது பிரிட்டிஷ் அரசு. மக்கள் திரளைக் கண்டு அது கொண்ட அச்சம் அத்தகையது.

57 ஆண்டுகள் கழித்து, 1988இல் அதே மார்ச் 23 அன்று, பஞ்சாபின் தல்வண்டி சலேம் கிராமத்தில் புரட்சிக் கவிஞர் பாஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 37. கொன்றவர்கள் காலிஸ்தான் பயங்கரவாதிகள். அரசின் அடக்குமுறையால் சிறை கண்ட அக்கவிஞர், மதத்தின் பெயரால் நடந்த கொலைகளையும் அதே உறுதியோடு எதிர்த்தவர்.

தேதிப் பொருத்தம் தற்செயலாகவே இருக்கட்டும். கொள்கைப் பொருத்தம் தற்செயலன்று. வேலைநிறுத்த உரிமையை நெரிக்கும் தொழில்தகராறு மசோதாவை எதிர்த்து 1929இல் மத்திய சட்டமன்றத்தில் குண்டு வீசிய பகத்சிங்தான், 1930இல் சிறையிலிருந்து ‘நான் நாத்திகன் ஏன்?’ எழுதினார். வர்க்கப் போராட்டமும் மதவெறி எதிர்ப்பும் அவருக்கு வெவ்வேறல்ல.

அன்றைய தொழில்தகராறு சட்டம் பொதுப்பயன்பாட்டுச் சேவைகளில் வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. இன்றைய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமோ அதை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துள்ளது. இச்சட்டத்தை இயற்றியவர்களே பகத்சிங் சிலைக்கு மாலையும் அணிவிக்கின்றனர்.

எனவே, மார்ச் 23 கூட்டங்களில் மூவரின் படங்களோடு பாஷின் படமும் இடம்பெற வேண்டும். தூக்குக் கயிற்றை நினைவுகூர்ந்து துப்பாக்கியை மறந்தால், அந்நாளின் பாடம் பாதியாகிவிடும்.