இசைத் தேர்வுக்கு ஐந்து நிமிடம் போதாது



பள்ளிகளில் இசைப்பாடத் தேர்வு பெரும்பாலும் ஆண்டு இறுதியில், ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அன்று தொண்டை கட்டிய பிள்ளைக்கும், கூச்சத்தில் குரல் வராத பிள்ளைக்கும் மதிப்பெண் போய்விடும். இசையாசிரியை என்ற முறையில் இது எனக்குப் பெரும் வருத்தம்.

மாதம் ஒருமுறை மாணவர் பாடுவதைப் பதிவுசெய்து, அவரவர் பெயரில் ஒரு மின்கோப்பில் சேர்த்துவந்தால் நிலைமை மாறும். உதாரணமாக, ஜூனில் ஒரு மாணவி மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை பாடும்போது அந்தர காந்தாரம் இறங்கியே நிற்கும். நவம்பர் பதிவில் அதே ஸ்வரம் சுருதியோடு சேர்ந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவிக்குத் தன் வளர்ச்சி தானே விளங்கும். இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில் பாடும்போது தாளம் ஓடுகிறதா என்பதையும் கை தெரியும்படி எடுத்த காணொளி காட்டிவிடும். பதிவின் கீழே மாணவி இரண்டு வரி எழுத வேண்டும், ஆசிரியர் ஒரு வரி. மதிப்பெண்ணைவிட அந்த வரிகள்தான் எனக்கு முக்கியம்.

ஆனால் வீட்டில் எடுத்து அனுப்பச் சொல்லக் கூடாது. நல்ல கைபேசி உள்ள வீட்டுப் பிள்ளைக்கே அது சாதகமாகும். வகுப்பிலேயே, பள்ளியின் கருவியில், ஒரே தடவையில் பதிவாக வேண்டும். பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பதிவும் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகக் கூடாது.

இசையாசிரியருக்கு ஒரு கைக்கணினியும், பதிவுகளைக் கேட்க வாரம் ஒரு பாடவேளையும் ஒதுக்குமாறு கல்வித் துறையை வேண்டுகிறேன்.

இசையாசிரியை,
கும்பகோணம்.