கியர்பாக்ஸுக்கும் காய்ச்சல் வரும்: பாம்பன் பாலத்துல நான் கத்துக்கிட்ட பாடம்

1/ வழக்கமா இந்தப் பக்கத்துல சுகர், பிரஷர், வெயில் காலக் காய்ச்சல்னு எழுதுவேன். இன்னைக்கு ஆட்டோமேட்டிக் கார் பத்தி ஒரு நீண்ட இழை. "டாக்டருக்கு இது எதுக்கு?"ன்னு கேக்கறவங்க நாலாவது பதிவு வரைக்கும் வாங்க. ராமேஸ்வரத்துக்கு சொந்த கார்ல வர்ற எல்லாருக்கும் இது தேவைப்படும்.

2/ நான் வேலை பார்க்கறது தீவுல இருக்கற அரசு மருத்துவமனை. கொஞ்சம் பெரிய கேஸ்னா முதல் சிகிச்சை கொடுத்து ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பணும். சுமார் 55 கி.மீ. ஆம்புலன்ஸ் போக ஒரே ஒரு ரோடு, அது பாம்பன்ல 1988-ல திறந்த இந்திரா காந்தி பாலம் வழியாத்தான் போகுது. ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல நீளம். போக ஒரு லேன், வர ஒரு லேன். அவ்வளவுதான்.

3/ போன ஆடி அமாவாசை. நைட் டூட்டி முடிச்சு காலைல ராம்நாட் கிளம்பினேன். என் கார் ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. டர்போ பெட்ரோல், ட்வின் கிளட்ச் ஆட்டோமேட்டிக். (கம்பெனி பேர் வேண்டாம், தப்பு என்னுது.) பாலத்தோட ஏத்தத்துல டிராஃபிக் ஊர்ந்துச்சு. பிரேக்கை விட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சே காரைச் சரிவுல பிடிச்சு வச்சிருந்தேன். அரை மணி நேரம். ஏசி ஃபுல்லு. முதல்ல லேசா ஒரு உதறல். அப்புறம் டேஷ்போர்டுல கியர்பாக்ஸ் சூடுன்னு எச்சரிக்கை. அதோட சரி. மிதிச்சா என்ஜின் கத்துது, கார் நகரல.

4/ ரெண்டு நிமிஷத்துல பின்னாடி சைரன். 108. உள்ள இருந்தது, காலைல டூட்டி மாத்தறதுக்கு முன்னாடி நானே ரெஃபரல் எழுதிக் கையெழுத்துப் போட்ட நோயாளி. விவரம் சொல்ல மாட்டேன், நேரம் முக்கியமான கேஸ்னு மட்டும் புரிஞ்சுக்கங்க. ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் இறங்கி வந்து என்னைப் பார்த்துட்டு, "சார், நீங்களா?"ன்னார். அந்த ரெண்டு வார்த்தை இன்னும் காதுல இருக்கு.

5/ வேன்ல வந்த யாத்ரீகர்களும் பைக்ல போன மீனவத் தம்பிங்களும் இறங்கி, எதிர் லேனை நிறுத்தி, என் காரை ஓரமாத் தள்ளிவிட்டாங்க. பதினோரு நிமிஷம். நோயாளி நல்லபடியாப் போய்ச் சேர்ந்தார். அதுல என் சாமர்த்தியம் ஒண்ணுமில்ல, தள்ளின கைகளோட புண்ணியம். அன்னைலேர்ந்து இந்த விஷயத்தை உக்காந்து படிச்சேன். படிச்சதைச் சொல்றேன்.

6/ முதல்ல ஒரு தப்பான நம்பிக்கை. "டெம்பரேச்சர் முள்ளு நடுவுலதான் இருக்கு, வண்டிக்கு ஒண்ணுமில்ல." அந்த முள்ளு காட்டறது என்ஜின் கூலன்ட் சூட்டை. கியர்பாக்ஸுக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. நாடி நல்லா இருக்குன்னு சொல்லி காய்ச்சல் பார்க்காம வீட்டுக்கு அனுப்பற மாதிரிதான். பெரும்பாலான கார்கள்ல கியர்பாக்ஸுக்குத் தெர்மாமீட்டர் கண்ணுக்குத் தெரியற இடத்துல கிடையாது. எச்சரிக்கை விளக்கு எரியும்போது நோயாளி ஏற்கெனவே மயக்கத்துல.

7/ சூடு எங்கேருந்து வருது? டிரை கிளட்ச் டி.சி.டி.லயும் ஏ.எம்.டி.லயும் உள்ள இருக்கறது நம்ம பழைய மேனுவல் கார் மாதிரி கிளட்ச் பிளேட்தான். மிதிக்கறது நம்ம காலுக்குப் பதிலா கம்ப்யூட்டர். முதல் கியர்ல, என்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது கார் மணிக்கு சுமாரா 6 கி.மீ. வேகத்துல போகும். அதை விட மெதுவா ஊர்ந்தா கிளட்ச் முழுசாப் பிடிக்கவே முடியாது. பாதிப் பிடியில வழுக்கிக்கிட்டே இருக்கும். வழுக்கறதெல்லாம் சூடு.

8/ கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,200 கிலோ கார். நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் ஏறுற சரிவு. பிரேக் இல்லாம ஆக்ஸிலரேட்டர்லயே பிடிச்சு வைக்கறோம், என்ஜின் 1,000 ஆர்.பி.எம். கிளட்ச்சுல சுமார் ஒரு கிலோவாட் சூடு உருவாகுது. வீட்டு அயர்ன் பாக்ஸ் ஒண்ணை ஃபுல் சூட்டுல வச்சு, கியர்பாக்ஸ் உள்ள அரை மணி நேரம் மூடி வச்ச மாதிரி. பிரேக்கை மிதிச்சு நின்னிருந்தா? கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல.

9/ டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் கொஞ்சம் கெட்டி ஆள். அங்க கிளட்ச்சுக்குப் பதிலா ஆயில் சுழலுது. அதனால டிராஃபிக்கைத் தாங்கும். ஆனா சூடு மொத்தமும் ஆயிலுக்குள்ள போகும். சாதாரணமா 80-லேர்ந்து 95 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கலாம். 120-ஐத் தாண்டி நீடிச்சா ஆயில் கெட ஆரம்பிக்கும். மெக்கானிக்குகள் ஒரு தோராய விதி சொல்வாங்க: பத்து டிகிரி கூடினா ஆயிலோட ஆயுள் பாதியாகும். கருத்துப் போய், கருகின வாசனை வந்தா அது செத்த ஆயில்.

10/ நம்ம ஊருக்கு மட்டும் ஒரு கூடுதல் பிரச்னை. ஹீட் ஸ்ட்ரோக்ல உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டி, நினைவு தடுமாறும். காத்தோட்டம் இல்லாத இடத்துல உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாததும் அதுக்கு ஒரு காரணம். காரும் அப்படித்தான். 80 கி.மீ. வேகத்துல போகும்போது முன்னாடிலேர்ந்து காத்து அடிச்சு கூலரை ஆத்தும். நெரிசல்ல நின்னா அந்தக் காத்து கிடையாது. மேல சித்திரை வெயில், கீழ கொதிக்கற தார், பக்கத்து வண்டியோட சைலன்சர் சூடு.

11/ "இவ்வளவு விலை கொடுத்து வாங்கறோம், கம்பெனிதானே சரியாச் செய்யணும்?" நியாயமான கேள்வி. கம்பெனிகளும் தப்பு பண்ணியிருக்காங்க. 2013 மார்ச்ல சீனாவுல ஃபோக்ஸ்வேகன் தன்னோட டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் பிரச்னைக்காக 3.84 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சுது. அதே வருஷம் நவம்பர்ல உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்கள்ல கியர்பாக்ஸ் ஆயிலை மாத்தறதா அறிவிச்சுது. சிந்தடிக் ஆயிலை எடுத்துட்டு மினரல் ஆயில். வெக்கையும் ஈரப்பதமும் கூடின ஊர்கள்ல அந்தப் பழைய ஆயிலால மின்சாரக் கோளாறு வந்ததுதான் காரணம். வெக்கையும் ஈரமும்னா, படிக்கும்போதே எனக்கு ராமேஸ்வரம்தான் ஞாபகம் வந்துச்சு.

12/ ஆனா மெஷின் எவ்வளவு நல்லா இருந்தாலும், பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா எரியத்தான் செய்யும். நல்ல மாத்திரை எழுதிக் கொடுத்தாலும் பத்தியம் இல்லாம எந்த நோய் தீரும்? என் கருத்து இதுதான்: ஆட்டோமேட்டிக்ல காலை எடுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நமக்கு வித்துட்டாங்க. கிளட்ச் பெடல்தான் போச்சு, கிளட்ச் போகல.

13/ சரி, என்ன பண்ணணும்?
அ) நிக்கும்போது பிரேக். எப்பவும் பிரேக். சரிவுல ஹில் ஹோல்டு, ஹேண்ட் பிரேக் இருந்தா இன்னும் நல்லது.
ஆ) முன்வண்டி அரை மீட்டர் நகர்ந்ததும் பின்னாடியே ஒட்டாதீங்க. ரெண்டு கார் இடைவெளி விழட்டும். அப்புறம் ஒரே மூச்சுல போய் நில்லுங்க. பின்னாடி ஹாரன் அடிப்பாங்க. அடிக்கட்டும்.
இ) ரொம்ப நேரம் நிக்கணும்னா நியூட்ரல்.
ஈ) மலைப்பாதையில மேனுவல் மோடுல சின்ன கியர். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, அதுக்கு இந்தப் பழக்கம் ரொம்ப முக்கியம்.

14/ எச்சரிக்கை வந்துட்டா? பாதுகாப்பான இடத்துல ஒதுக்கி, பார்க்ல போட்டு, என்ஜினை ஓட விடுங்க. சில கார்கள் திரையிலேயே "பார்க் வித் என்ஜின் ஆன்"னு சொல்லும். பதட்டத்துல சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிடறோம். பண்ணினா ஆத்தற ஃபேனும் ஆயில் பம்பும் நின்னுடும். காய்ச்சல்காரருக்குக் கம்பளி போத்தற வேலை அது. முழுசா நிக்கறதுக்கு முன்னாடி வண்டியில கொஞ்சம் உயிர் இருந்தா, பாலத்தைத் தாண்டி ஒதுங்கப் பாருங்க.

15/ வேகமான கார் வச்சிருக்கற தம்பிங்களுக்குத் தனியா. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டறவங்களுக்கு இது தெரியும்: நாலு சுத்து வேகமா போனா, கடைசி சுத்து மெதுவா. நேரா பிட்டுக்கு வந்து ஆஃப் பண்ணினா சூடு உள்ளேயே தேங்கும். ரீமேப் பண்றவங்க கவனிங்க. ஃபோக்ஸ்வேகனோட டி.க்யூ.200 டிரை கிளட்ச் தாங்கற டார்க் 250 நியூட்டன் மீட்டர். இங்க விக்கற 1.5 டி.எஸ்.ஐ. என்ஜின் கம்பெனியிலேயே கொடுக்கறதும் அதே 250. அதுக்கு மேல ஏத்தறது, டோஸ் லிமிட்ல இருக்கற மருந்துக்கு மேல இன்னும் ரெண்டு மாத்திரை சேர்க்கற மாதிரி.

16/ "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்"னு சொன்னா நம்பாதீங்க. யாரோட லைஃப்? பி.எம்.டபிள்யூ.ல வர்ற எட்டு கியர் பெட்டியைச் செய்யற இசட்.எஃப். கம்பெனியே 80,000-லேர்ந்து 1,20,000 கி.மீ.க்குள்ள, இல்லைன்னா எட்டு வருஷத்துல ஆயில் மாத்தச் சொல்லுது. ஆறு கியர் வெட் கிளட்ச் டி.எஸ்.ஜி.க்கு 60,000 கி.மீ. நம்ம வெயிலுக்கு நான் இன்னும் முன்னாடியே மாத்துவேன்.

17/ தனுஷ்கோடி போறவங்களுக்கு. ரோடு அரிச்சல்முனை வரைக்கும் நல்லா இருக்கு. ஃபோட்டோவுக்காக மணல்ல இறக்காதீங்க. டயர் சுத்தச் சுத்த கியர்பாக்ஸ்தான் வேகும். சிக்கிட்டா மிதிக்காதீங்க, ஆளுங்களைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி இழுங்க.

18/ எனக்கு ரெண்டு கோரிக்கை. கார் கம்பெனிகளுக்கு: கியர்பாக்ஸ் சூட்டைத் திரையில காட்டுங்க. சென்சார் ஏற்கெனவே உள்ள இருக்கு, எச்சரிக்கை அதை வச்சுத்தான் வருது. பன்னெண்டு கலர்ல ஆம்பியன்ட் லைட் கொடுக்கறீங்க, ஒரு நம்பர் கொடுக்க முடியாதா? நிர்வாகத்துக்கு: அமாவாசை நாள்கள்ல வெளியூர் கார்களை மண்டபம் பக்கமே நிறுத்திட்டு பஸ் விடுங்க. இல்லைன்னா பாலத்துல ஒரு ரெக்கவரி வண்டியாவது நிக்கட்டும்.

19/ நமக்கு: 2025 ஏப்ரல்ல புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து, அதைப் பார்க்க ரோடு பாலத்து மேலயே வண்டியை நிறுத்தறாங்க. கூடாதுன்னு போலீஸ் சொல்லிட்டேதான் இருக்காங்க. நீங்க எடுக்கற ஒரு செல்ஃபிக்குப் பின்னாடி நூறு கார் சரிவுல நிக்குது. அதுல ஒண்ணு என்னுது மாதிரி செத்துப் போகும். அதுக்குப் பின்னாடி ஒரு 108 நிக்கும்.

20/ என் கிளட்ச் செட் மாத்த ஆன செலவு, என் ஒரு மாசச் சம்பளத்தை விட ஜாஸ்தி. அது போகட்டும், பணம். "சார், நீங்களா?"ன்னு கேட்ட அந்த அண்ணனை அடுத்த டூட்டியில பார்த்தேன். ஒண்ணுமே சொல்லாம டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த தை அமாவாசைக்கு நான் பஸ்லதான் போவேன். நீங்க கார்ல வந்தா, பாலத்து ஏத்தத்துல பிரேக்கை மிதிங்க. இழை முடிஞ்சது. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.